வாளுக்கு வயது மூன்று: பழைய வாள்களின் காலத்தை உறுதிசெய்தல் பற்றி

பேச்சிப்பாறை முதல் தக்கலை வரையுள்ள மலையடிவாரத்தில் மாடன் கோயில்களிலும் பழைய குடும்பங்களிலும் காக்கப்படும் வாள்களின் வயதைக் கேட்டால் "மன்னர் காலத்தது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஒரு வாளுக்கு ஒரே வயதுதான் என்று கொள்வதே முதற்பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். பிடி, அலகு, கைமாறி வந்த வழி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றின்மேல் ஏற்றக் கூடாது.

இந்திய வாள்கள் பலவற்றில் அலகின் வால்பகுதி பிடிக்குள் நுழைந்து அரக்கால் இறுகியிருக்கும். அனல் காட்டினால் அரக்கு இளகும், அலகு கழன்றுவிடும். எனவே பழைய அலகுக்குப் புதுப் பிடி பொருத்துவது பட்டறையில் எளிய வேலை. தல்வார் எனும் வளைவாளுக்குரிய, வட்டத்தட்டுக் குமிழுடைய பிடி முகலாயர் காலத்தில் பரவியது. அப்பிடியுள்ள வாளைச் சோழர் காலத்தது என்பவர் அதை அலகைக் கொண்டே நிறுவியாக வேண்டும்.

அலகிலுள்ள பொறிப்பும் முடிவான சான்றாகாது. தென்னிந்தியப் பிடிகளில் ஐரோப்பிய அலகுகள் பொருத்தப்பட்டதைத் தஞ்சை ஆயுதசாலை வாள்கள் காட்டுகின்றன. அந்திரியா ஃபெராரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயரையோ பல நாட்டுப் பட்டறைகள் பொறித்துக்கொண்டன.

உலோகம் இன்னும் தெளிவாகப் பேசும். உலையில் எடுத்து அடித்த இரும்பில் கசடு இழையிழையாக நீண்டிருக்கும். மூசையில் உருக்கிய எஃகில் கசடு அரிது, கரி மிகுதி. நீர்த்த அமிலம் பட்டால் நீரலை போன்ற வரிகள் எழும். ஆனால் அந்த எஃகு 19ஆம் நூற்றாண்டிலும் உருக்கப்பட்டது. வரிகள் செய்முறையைச் சொல்லுமே தவிர நூற்றாண்டைச் சொல்லா. சீரான கலவையும் கூடுதல் மாங்கனீசும் தென்பட்டால், 1856இல் பெசமர் முறை வந்த பிறகான ஆலை எஃகோ என ஐயுற வேண்டும்.

உரியவர் யார் என்பதை உலோகம் சொல்லாது. தலக்குளத்தில் பிறந்த, திருவிதாங்கூர்த் தளவாயான வேலுத்தம்பி 1809இல் தம் வாளைக் கிளிமானூர் அரண்மனையில் விட்டுச் சென்றார் என்பது அக்குடும்பத்தின் மரபு. 1957இல் அது குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் அளிக்கப்பட்டது. பின்னர் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருந்து, 2010இல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம் வந்தது. வாய்மரபு ஆவணமாகாது என்று மறுப்பர். ஆனால் இம்மரபு ஆள், இடம், ஆண்டு மூன்றையும் குறிப்பதால் சோதனைக்கு உட்படுகிறது. "மன்னர் காலம்" என்பதில் சோதிக்க எதுவுமில்லை.

ஆகவே கோயில் கொடை விழாவுக்குப் புளியும் மணலும் இட்டு வாளைத் தேய்க்குமுன் அதைப் படமெடுக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். பிடியோரத்து அரக்கையும் அலகின் கருமையையும் ஒருமுறை தேய்த்துவிட்டால் எந்த ஆய்வகமும் மீட்டுத் தராது.