மலைக் காற்றும் மனிதர் மூச்சும்

மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் சற்று நிற்கிறோம், அடங்கிவிடுகிறது. மிக உயர்ந்த மலைகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கோ நாலடி நடந்தாலே இரைக்கும். சில நாள் தங்கினால் அந்தத் தொல்லை தணிகிறது. அப்படியானால் மூச்சு குறைந்துவிடுகிறதா?

1911-ஆம் ஆண்டு கோடையில் ஹால்டேன், டக்ளஸ், ஹென்டர்சன், ஷ்னைடர் என்ற நான்கு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பைக்ஸ் சிகரத்தின் உச்சியில் ஐந்து வாரம் தங்கி இதை ஆராய்ந்தார்கள். உயரம் சுமார் 4,300 மீட்டர். சபாவின் கினபாலுவைவிட 200 மீட்டர் கூடுதல். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். இழுக்கும் மூச்சில் பிராணவாயுவும் அந்த அளவே.

உச்சிவரை ரயில் உண்டு. அதில் வந்திறங்கிய பயணிகள் பலருக்கு உதடு நீலம் பாரித்தது, வாந்தி வந்தது, சிலர் மயங்கி விழுந்தார்கள். விஞ்ஞானிகளையும் முதல் சில நாள் தலைவலியும் குமட்டலும் விடவில்லை. பிறகு தெளிந்தார்கள். வேகமாக நடந்தால் இரைத்தது உண்மைதான். சும்மா இருக்கையில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அளந்து பார்த்தபோது மூச்சு குறையவில்லை, கூடியிருந்தது!

எப்படி அளந்தார்கள்? குழம்பில் தண்ணீர் கூடினால் உப்பு மட்டுப்படும் அல்லவா? அதுபோல மூச்சு கூடினால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் கரியமிலவாயு குறையும். கீழே பாதரச அளவில் 40 மில்லிமீட்டராக இருந்த அதன் அழுத்தம், மேலே ஏறத்தாழ 27-க்கு இறங்கியிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கே உறைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் உடனே மாறவில்லை.

அந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த மேபல் பிட்ஸ்ஜெரால்ட் அம்மையார் உச்சியில் தங்கவில்லை. கொலராடோவில் பல்வேறு உயரங்களில் இருந்த சுரங்க ஊர்களுக்குப் போய், அங்கே குடியிருந்தவர்களின் மூச்சை அளந்தார். என் எண்ணத்தில் இதுவே பெரிய வேலை. ஐந்து வாரம் வந்துபோன விருந்தாளியைவிட, அந்தக் காற்றிலேயே குடும்பம் நடத்தி உழைத்தவரின் உடம்பல்லவா முழு விவரம் சொல்லும்? ஊர் உயர உயர, கரியமிலவாயு படிப்படியாகக் குறைந்திருந்தது. நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கும் மூச்சு கடல்மட்ட அளவுக்குத் திரும்பவில்லை. அந்தக் கூடுதல் மூச்சே அவர்களுக்கு இயல்பான மூச்சாகியிருந்தது.

கழுத்திலுள்ள இரத்தக் குழாயருகே, பிராணவாயு குறைவதை உணர்ந்து மூச்சை முடுக்கும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. இது பின்னாளில்தான் தெரியவந்தது. அந்த ஆராய்ச்சிக்காக ஹேமன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டவர் 1938-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

பிட்ஸ்ஜெரால்ட் அம்மையார் ஆக்ஸ்போர்டில் பாடம் கேட்ட காலத்தில் பெண்களுக்கு அங்கே பட்டம் கிடையாது. 1972-இல், அவருடைய நூறாவது வயதில், அந்தப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது.