நாலு பேர் படித்த கடிதம்

முதல் உலக யுத்தம் என்றால் நம் சென்னைக்காரர்களுக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது எம்டன் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அந்த ஜெர்மன் கப்பல் வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு போட்டது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடினார்கள். கப்பல் போய்விட்டது; 'எம்டன்' என்கிற வார்த்தை மாத்திரம் கெட்டிக்காரனுக்கும் போக்கிரிக்கும் பொதுவான பட்டப்பெயராகத் தமிழில் தங்கிவிட்டது.

அதற்கு நாலாம் நாள், செப்டம்பர் 26-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இந்தியச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். இது நமக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. பஞ்சாபியர், பட்டாணியர், கட்வாலிகள், கூர்க்காக்கள் என்று பெரும்பாலும் வடக்கத்தியர்கள். யுத்தம் முடிவதற்குள் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,38,000 பேர். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். அதை நம்பி ஊரிலே ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு மனைவி.

பனியிலும் சேற்றிலும் பதுங்கு குழிக்குள் நின்ற அந்த மனிதனுக்கும், பஞ்சாபில் ஏதோ ஒரு கிராமத்தில் எருமைக்குத் தீனி வைத்துக் கொண்டிருந்த அவளுக்கும் நடுவே என்ன தொடர்பு இருந்தது? கடிதம் ஒன்றுதான். 1915-ஆம் வருஷத்து ஆரம்பத்தில் பிரான்ஸிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதம் வரை எழுதினார்கள் என்று கணக்கு இருக்கிறது. 'ஆகா, எவ்வளவு காதல் கடிதங்கள்!' என்று வாசகர்கள் எண்ணலாம். நானும் அப்படி எண்ணிக்கொண்டுதான் அவற்றைப் படிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், அந்தக் கடிதம் எத்தனை பேருடைய கையைக் கடந்து போயிற்று என்பது தெரிந்தது.

முதல் ஆள், எழுதிக் கொடுப்பவன். சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த தோழன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து உருதுவிலோ, குர்முகியிலோ, ஹிந்தியிலோ எழுதுவான். இவன் சொல்லச் சொல்ல அவன் எழுத வேண்டும். சுற்றிலும் நாலு பேர் கேட்டுக் கொண்டிருப்பார்கள். அந்தச் சபையில் மனைவியைப் பற்றி ஒருவன் என்ன சொல்லிவிட முடியும்?

இரண்டாவது ஆள், பட்டாளத்து வெள்ளைக்கார அதிகாரி. மூன்றாவது, பூலோன் நகரத்தில் இந்தியர்களின் தபாலைப் பரிசோதிப்பதற்கென்றே சர்க்கார் ஏற்படுத்தியிருந்த தணிக்கை ஆபீஸ். இந்தியாவில் சிவில் சர்வீஸில் இருந்த ஹோவெல் என்கிற துரை அதற்குத் தலைவர். கதர் கட்சிக்காரர்களின் பிரசாரம் பட்டாளத்துக்குள் புகுந்துவிடுமோ என்று சர்க்காருக்குப் பயம். அதனால் ஊரிலிருந்து வருகிற கடிதத்தையும், ஊருக்குப் போகிற கடிதத்தையும் பொறுக்கியெடுத்துப் படித்தார்கள். வாரந்தோறும் அறிக்கை எழுதினார்கள். முக்கியமான பகுதிகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து அதோடு சேர்த்தார்கள்.

நாலாவது ஆள், கிராமத்தில் இருந்தான். 1911-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். கடிதம் வந்து சேர்ந்தால் தபால்காரரோ, பள்ளிக்கூடத்து வாத்தியாரோ, அல்லது எழுத்துத் தெரிந்த அண்டை வீட்டுக்காரரோ படித்துச் சொல்ல வேண்டும். மாமனார், மாமியார், மைத்துனர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டியதுதான். நம் ஊர்த் திண்ணைகளிலும் ஒரு காலத்தில் இந்தக் காட்சிதான்.

நம் பெரியவர்கள் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்?' என்று சும்மாவா கேட்டார்கள்! இங்கே நிஜமாகவே நாலு பேர் நடுவில் நின்றார்கள். ஆகையால் சிப்பாய்களின் கடிதங்களில் பெரும்பாலானவை தகப்பனாருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் சிநேகிதர்களுக்கும் எழுதப்பட்டவை. மனைவி பெயருக்கே எழுதியவை குறைவு. பயிர் எப்படி இருக்கிறது, எருமை கன்று போட்டதா, நிலத்து வழக்கு என்ன ஆயிற்று, கல்யாணம் நிச்சயமாயிற்றா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். 'எருமை சௌக்கியமா?' என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருந்ததா என்று தணிக்கை துரைக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒளித்து எழுதுவதிலும் அவர்கள் சாமர்த்தியசாலிகள்தான். இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சிவப்பு மிளகாய் என்றும் வைத்துக் கொண்டு, கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது என்று எழுதினார்கள். சமையல் சமாசாரம் போலத் தோன்றும்; உண்மையில் அது சாவுக் கணக்கு. காயம் பட்டவர்கள், குணமானதும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். அப்போது எழுதிய கடிதங்களில் துக்கம் மறைக்க முடியாமல் வெளியே வந்துவிடுகிறது. சிலர் கவிதையாகவே பொழிந்தார்கள். சிப்பாய்கள் கவி பாடத் தொடங்கியிருப்பது நல்லதற்கல்ல, மனக் கலக்கத்துக்கு அறிகுறி என்று ஹோவெல் துரை அறிக்கையில் குறித்து வைத்தார். விமர்சகர் என்று பெயர் எடுக்காத மனிதர்; ஆனாலும் கவிதையைப் பற்றி அவர் சொன்னது முழுப் பொய் அல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்தச் சிப்பாய்கள் பிரான்ஸில் கிராமத்து வீடுகளில் தங்கினார்கள். அங்கே கிழவிகள் சிலர், யுத்தத்துக்குப் போன தங்கள் பிள்ளைகளைப் போலவே இவர்களையும் கவனித்துக் கொண்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் உழுதார்கள், கடையில் வியாபாரம் பார்த்தார்கள். போர்முனையில் இருக்கும் புருஷனுக்குத் தாங்களே கடிதம் எழுதினார்கள். அவன் எழுதியதைத் தாங்களே பிரித்துப் படித்தார்கள். நடுவில் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கவில்லை. இதைப் பார்த்த சிப்பாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு புதிய விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். நம் வீட்டுப் பெண்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். சரித்திர ஆசிரியர்கள் இதைச் சீர்திருத்த எண்ணம் என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் கதை எழுதுகிறவர்களின் புத்தி வேறு வழியில் போகிறது. நாலு பேரில் ஒருவனையாவது நடுவிலிருந்து எழுந்திருக்கச் செய்ய வேண்டும் என்ற ஆசை அதில் இல்லையா? துரையை விலக்க முடியாது. படித்துச் சொல்லுகிற அண்டை வீட்டுக்காரனை விலக்கலாம். அவள் மட்டும் படிக்கத் தெரிந்து கொண்டால் போதும். 'உன்னோடு தனியாக நாலு வார்த்தை பேச வேண்டும்' என்று நாலு பேர் எதிரில் சொல்ல முடியாதவன், 'பெண்களைப் படிக்க வையுங்கள்' என்று சொன்னான்.

ஹிந்தியில் சந்திரதர் சர்மா குலேரி 1915-இல், யுத்தம் நடக்கும்போதே, 'உஸ்னே கஹா தா' என்று ஒரு சிறுகதை எழுதினார். 'அவள் சொன்னாள்' என்று அர்த்தம். லஹனா சிங் என்கிற சீக்கியச் சிப்பாய், சிறு வயதில் அமிர்தசரஸ் கடைவீதியில் பார்த்த பெண்ணை, பல வருஷங்களுக்குப் பிறகு சுபேதாரின் மனைவியாகப் பார்க்கிறான். புருஷனையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடு என்று அவள் கேட்கிறாள். போர்முனையில் அவர்களைக் காப்பாற்றிவிட்டு அவன் செத்துப் போகிறான். அந்தக் கதையில் அவளிடமிருந்து போர்முனைக்குப் போனது வாய்ச்சொல் ஒன்றுதான். அதை எந்தத் தணிக்கை ஆபீஸும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இந்தியக் காலாட்படையில் பெரும்பகுதி 1915 முடிவில் பிரான்ஸை விட்டுப் போயிற்று. குதிரைப்படைகள் 1918 வரையில் இருந்தன. நூவ் ஷாப்பெல் என்ற இடத்தில், 1915 மார்ச் மாதத்தில் கடும் போர் நடந்த அந்த ஊரில், 1927-இல் ஒரு ஞாபகச் சின்னம் திறந்தார்கள். கல்லறை என்று ஒன்று இல்லாமலே போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

அசல் கடிதங்களில் அநேகமாக எதுவும் இப்போது இல்லை. லண்டனில் பத்திரமாக இருப்பவை, தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்து வைத்த பிரதிகள்தான். அவற்றில் ஒரு பகுதியை டேவிட் ஒமிஸ்ஸி என்பவர் 1999-இல் புத்தகமாகத் தொகுத்தார். விசித்திரம் என்னவென்றால், ஒட்டுக் கேட்டவன் எழுதி வைத்ததனால்தான் அந்தப் புருஷர்களின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது. மனைவிமார் எழுதுவித்தவற்றில் அங்கே தங்கியவை மிகச் சொற்பம். சம்பாஷணையில் ஒரு பாதிதான் கிடைத்திருக்கிறது. மற்றப் பாதியைப் பேசியவள் கையெழுத்துக் கூடப் போடத் தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். 'பெண்களைப் படிக்க வையுங்கள்' என்று அவன் எழுதியதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது.