நரசிங்கமங்கலத்தார் ரட்சை

யாத்திரை என்ற சொல்லுக்கு நம் பாட்டனார்கள் நினைத்த பொருள் வேறு, நாம் நினைக்கிற பொருள் வேறு. குளிர்சாதன பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சினிமாப் பார்த்துக்கொண்டே நாலு நாளில் பதினெட்டு க்ஷேத்திரங்களைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறோம். எந்த ஊரில் எந்தச் சுவாமி என்பது வீட்டுக்கு வந்த மறுநாளே குழம்பிவிடுகிறது. பிரசாதப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வயசான காலத்தில் வேறு எப்படிப் போவது? ஆனால் கால் இரண்டும் சொன்னபடி கேட்கிறவர்களுக்கு இன்னொரு மாதிரி யாத்திரையும் உண்டு. அப்படி ஒன்றில் மூன்று நாள் நடந்து வந்தேன். பார்த்தது கோயில் கொஞ்சம், மலை நிறைய.

மதுரையைச் சுற்றிலும் கல் குன்றுகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பழைய சமணர்கள் அவற்றில் எட்டைப் பொறுக்கி ‘எண்பெருங்குன்றங்கள்’ என்று போற்றினார்கள். உண்மையில் சமண முனிவர்கள் வாழ்ந்த குகைகள் அந்த எட்டோடு நிற்கவில்லை. மேலூர்ப் பக்கம், அழகர்மலைப் பக்கம், தேனி சாலைப் பக்கம் என்று எந்தத் திசையில் போனாலும் ஒன்று கண்ணில் படுகிறது. நாங்கள் ஒன்பது பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், பாங்கு உத்தியோகஸ்தர்கள் இருவர், ஒரு டாக்டரும் அவர் மனைவியும், கல்லூரி மாணவர்கள் மூவர், நான். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். வேன் மலையடிவாரம் வரைக்கும்தான். அதற்கு மேல் அவரவர் கால், அவரவர் மூச்சு.

முதல் நாள் விடியற்காலையில் மீனாட்சிபுரத்து ஓவாமலை. மாங்குளம் கல்வெட்டு என்று பாடப் புத்தகங்களில் வருகிறதே, அது இந்த மலையில்தான் இருக்கிறது. டாக்டர் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, நடப்பது இருதயத்துக்கு நல்லது என்று நோயாளிகளிடம் தாம் சொல்வது வாஸ்தவந்தான் என்றும், ஆனால் அவர்களை மலை ஏறச் சொன்னதில்லை என்றும் விளக்கம் கொடுத்தார். அறுபத்தெட்டு வயசான தலைமையாசிரியை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மூன்று நாளும் நாங்கள் ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டது அவரைத்தான்.

மேலே குகை என்றால் பெரிய பொந்து என்று எண்ணிவிட வேண்டாம். முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பாறை, அதன் கீழே நிழல், அவ்வளவுதான். நிழலில் தரைக் கல்லைச் செதுக்கி வழவழப்பாக்கிப் படுக்கைகள் செய்திருக்கிறார்கள். தலைமாட்டில் கல்லையே கொஞ்சம் உயர்த்தித் தலையணை. ஜனங்கள் இவற்றுக்கு ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாண்டிய நாட்டில் இப்படிப்பட்ட படுக்கைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பாண்டவர்கள் வனவாசத்தில் தூக்கத்தைத் தவிர வேறு காரியமே செய்யவில்லை என்றுதான் முடிவு கட்ட வேண்டியிருக்கும்!

பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் பாறை வழியே ஓடி உள்ளே வந்துவிடாமல் வெளியே சொட்டிவிடுவதற்காக இந்த ஏற்பாடு. சமண முனிவர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். மழைக்காலத்தில் மட்டும், மண்ணில் புழு பூச்சிகள் அதிகமாகிக் காலில் மிதிபடுமே என்று, நாலு மாதம் ஓரிடத்தில் தங்குவார்கள். ஆகவே மழை நனைக்காத படுக்கை என்பது அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய தர்மங்களிலெல்லாம் பெரிய தர்மம். கொடுத்தவர்களின் பேரை அங்கேயே கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அந்த எழுத்துக்களை 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேயர் கண்டு சொன்னார். அசோகன் கல்வெட்டுகளில் உள்ள பிராமி எழுத்துப் போல இருந்தது. ஆகையால் பாஷை பிராகிருதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படித்தார்கள்; அர்த்தம் பிடிபடவில்லை. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இதில் ற இருக்கிறது, ன இருக்கிறது, ழ இருக்கிறது, இது தமிழ் ஐயா, தமிழ், என்று எடுத்துக் காட்டினார். பிற்பாடு ஐராவதம் மகாதேவன் ஒவ்வொரு குகையாக ஏறி இறங்கிப் படித்து, 2003-இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். ஓவாமலை எழுத்துக்களுக்கு அவர் கணித்த காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. இன்னும் முந்தியது என்று சொல்கிறவர்களும் உண்டு. நெடுஞ்செழியன் என்ற பேர் அங்கே இருக்கிறது. ஆனால் படுக்கையைக் கொடுத்தவன் ராஜா அல்ல. அவனிடம் வேலை பார்த்த கடலன் வழுதி. வாங்கிக்கொண்டவர் கணி நந்தர் என்ற முனிவர். இன்னொரு குகைக்குப் பணம் போட்டவர்கள் வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வியாபாரிகள் சங்கம்.

வியாபாரிகள் என்றதும் மறுநாள் காலையில் பார்த்த அழகர்மலைக் குகையைச் சொல்லிவிடுகிறேன். கள்ளழகர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் கூட இங்கே வருவதில்லை. கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏற வேண்டும். அங்கே பாறையில் வரிசையாகப் பெயர்கள். உப்பு வணிகன் வியகன். வெல்லப்பாகு விற்ற பணித வணிகன் நெடுமலன். ஏர்க் கொழு விற்றவன் ஒருவன், துணி விற்ற அறுவை வணிகன் ஒருவன். மதுரைப் பொன் கொல்லன் ஆதன் ஆதன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின மதுரைக் கடைத்தெரு அப்படியே மலைமேல் ஏறி நிற்கிறது!

டீச்சரம்மா சொன்னார்: “எங்க தாத்தா பேர் எனக்குத் தெரியும். அவருக்கு அப்பா பேர் தெரியாது. கேட்டுச் சொல்றதுக்கும் வீட்டில் யாரும் இல்லை. இந்த உப்புக்காரர் பேர் தெரிகிறது, பாருங்கள்.”

முதல் நாள் பிற்பகலுக்குத் திரும்புகிறேன். ஓவாமலையிலிருந்து அரிட்டாபட்டி அதிக தூரமில்லை. கழிஞ்சமலையில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று. அதில் தமிழ்நாட்டில் அபூர்வமாகக் காணப்படும் லகுலீசர் சிற்பம் இருக்கிறது. அதே மலையின் இன்னொரு பக்கத்தில் சமண குகை, பழந்தமிழ் எழுத்து, தீர்த்தங்கரர் திருமேனி. சிவனும் சமணரும் ஒரே மலையில் குடியிருந்ததை நாங்கள் முதலில் கவனித்தது இங்கேதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களோடு வந்தார். உச்சிப் பாறையில் கூடு கட்டும் ராசாளியைக் காட்டினார். அவர் சொன்ன வேறொரு விஷயமும் உண்டு. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். யானைமலையைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு முழுக்க விளங்கியது.

யானைமலையை மதுரைக்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை மாதிரி கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளம். அதற்குத் திருவிளையாடற் புராணத்தில் ஒரு கதை உண்டு. சோழன் ஒருவன் சமணர்களை ஏவினான். அவர்கள் வேள்வி செய்து ஒரு ராட்சஸ யானையை உண்டாக்கி மதுரைமேல் அனுப்பினார்கள். சோமசுந்தரப் பெருமான் நரசிங்கக் கணை தொடுத்து அதை வீழ்த்தினார். யானை மலையாகச் சமைந்தது, கணை நரசிங்க மூர்த்தியாக அங்கேயே நின்றது. இதே மாதிரி வந்த பாம்பு நாகமலை, பசு பசுமலை. சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் யாரும் அந்த மலையைச் சும்மா மலையாகப் பார்க்க முடியாது.

அன்று மாலை மலையடியில் நரசிங்கம் கிராமத்துக் கோயிலில் பெருமாளைச் சேவித்தோம். குடைவரைக்குள்ளே யோக நரசிம்மர். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி, கி.பி. 770-இல் இந்தக் கோயிலைக் குடைவித்தான். பிரதிஷ்டை முடிவதற்குள் காலமாகிவிட்டான். தம்பி மாறன் எயினன் அண்ணன் விட்ட வேலையைப் பூர்த்தி செய்தான். இவ்வளவும் கோயிலிலேயே எழுதியிருக்கிறது.

பிறகு மலைமேல் ஏறினோம். முதலில் பழந்தமிழ் எழுத்து ஒன்று. இந்த மலையை ‘இவ குன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. ஆக, கதை பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே இது யானைக் குன்றுதான்! ஊரார் கண்ணில் யானையாகத் தெரிந்தது, பேர் வைத்தார்கள், கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு பாறை முகட்டில் சமணத் திருமேனிகள். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை என்று வரிசையாக. சுதை பூசி வர்ணம் தீட்டிய அடையாளம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்து. செய்வித்தவர்களில் ஒருவர் அச்சணந்தி என்ற சமணப் பெரியார். 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவை. நண்பர் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டே போனார். திருமேனிகளைக் காப்பாற்றும் பொறுப்பை யார் யார் ஏற்றார்கள் என்று சொல்லும் வரிகள் வந்தன. ‘ரட்சை’ என்பது கல்வெட்டுச் சொல். ஒன்றுக்கு வரிக் கணக்கு அதிகாரிகள் ரட்சை. இன்னொன்றுக்கு ஊர்க் கணக்கர்கள் ரட்சை. அப்புறம் வந்தது:

நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழே கோயில் கொண்டிருக்கிற நரசிங்கப் பெருமாளின் பேரால் அமைந்த ஊர், பிராமணர்களின் சபை. சமணர்கள் ஏவிய யானையை நரசிங்கக் கணை கொன்றது என்று கதை சொல்லும் இதே மலையில், நரசிங்கத்தின் ஊர்ச் சபையார், ‘இந்தச் சமண உருவத்துக்கு நாங்கள் காவல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தது 7-ஆம் நூற்றாண்டில். எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சேக்கிழார் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். கழுவேற்றம் நடந்ததா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் புறப்படவில்லை. அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் அதைச் சொல்லவில்லை என்பதை மாத்திரம் சொல்கிறேன். வாதமும் பகையும் இல்லாமல் இருந்திருக்காது. பாடல்களில் உள்ள கோபம் நிஜமான கோபம். ஆனால், அன்றோடு பாண்டிய நாட்டில் சமணம் முடிந்துவிட்டது என்று நாம் மனசில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோமே, அந்தக் கோட்டை இந்த மலை அழித்துவிடுகிறது. சம்பந்தருக்கு இருநூறு வருஷத்துக்கு அப்புறமும் இங்கே சமணத் திருமேனி வெட்டினார்கள். அக்கம் பக்கத்து ஊர்க்காரர்கள் காவலுக்குப் பொறுப்பேற்றார்கள். கதை நாவில் வளரும், கல் அப்படியே இருக்கும். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கே இந்த விஷயத்தில் கல்லின் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

இப்போது அரிட்டாபட்டிப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. நாங்கள் முதல் நாள் ஏறிய இரண்டு மலைகளும் இந்தக் கிராமங்களைச் சேர்ந்தவைதாம். இரண்டே வருஷம், 2024 நவம்பரில், அதில் ஒரு பகுதியையும் உள்ளடக்கி இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போயிற்று. ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. டிசம்பரில் சட்டசபையில் எதிர்த்துத் தீர்மானம் ஆயிற்று. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர் வட்டாரத்துக் கிராமத்தார் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

“நானும் போனேங்க, இந்தக் கம்பை ஊண்டிக்கிட்டு,” என்றார் பெரியவர். “எதுக்குத் தாத்தா போனீங்க?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். “இங்கிட்டு வெடி வச்சா ராசாளி எங்கிட்டுத் தம்பி போகும்? சாமி எங்கிட்டுப் போகும்? எந்திரிச்சு நடக்கவா முடியும் அதுகளுக்கு?”

எந்தச் சாமி என்று நான் விசாரித்தேன். குடைவரைச் சிவனையும் கைகாட்டினார், தீர்த்தங்கரரையும் கைகாட்டினார்.

எல்லா மலைக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. மேலூரை அடுத்த கீழவளவிலும் ஒரு பஞ்சபாண்டவர் மலை உண்டு. தொண்டி ஊர்க்காரன் ஒருவன் கொடுத்த படுக்கை அங்கே இருக்கிறது. எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி எழுதியது. அந்த வட்டாரத்தில் கிரானைட் வெட்டியதில் நடந்த முறைகேடுகள் 2012-இல் அம்பலமாயின. வெட்டியெடுத்த பள்ளங்களில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. அந்தப் பள்ளங்கள் ஒரு காலத்தில் குன்றுகளாக இருந்தன. அவற்றில் எழுத்து எதுவும் இருந்ததா என்று இனிமேல் யார் போய்ப் பார்ப்பது?

மூன்றாம் நாள் சமணர் மலை. கீழக்குயில்குடியில் தாமரைக் குளம், கரையில் ஆலமரம், ஐயனார் கோயில். செட்டிப்புடவுக்குள் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரருக்கு நீண்ட காது. ஆகையால் ஊரார் அவரைச் செட்டியார் என்று தீர்மானித்துவிட்டார்கள். வழியில் சந்தித்த அம்மாள், “செட்டியாரைப் பார்த்துட்டீங்களா? பேச்சிப்பள்ளத்துக்கும் போயிட்டு வந்துருங்க,” என்று உறவுக்காரர் வீட்டுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

பேச்சிப்பள்ளம் மலையில் கொஞ்சம் உயரத்தில், ஒரு சுனையோரம். பாறையில் வரிசையாகத் திருமேனிகள். அவற்றில் ஒன்றின் கீழே, இது அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று எழுதியிருக்கிறது. வள்ளிமலையிலிருந்து குமரி நாட்டுச் சிதறால் வரைக்கும் மலை மலையாக ஏறித் திருமேனி செய்வித்த பிள்ளை. வீட்டைத் துறந்த சந்நியாசி. தாயார் அவன் பேரைத் தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாணவர்கள் உச்சியிலுள்ள விளக்குத் தூணைப் பார்க்க ஓடிவிட்டார்கள். டீச்சரம்மா மட்டும் அங்கேயே நின்று, கல்லில் விரல் படாமல், அந்த வட்டெழுத்தை ஒவ்வொன்றாகக் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ம’ வந்துவிட்டது, ‘தி’தான் சரியாக வளையவில்லை என்றார்.