வறண்ட ஓடைகளின் பெயர்கள்

இருப்புப்பாதை அலுவலகத்தில் பணிபுரிபவனுக்கு நிலப்படம் புதிய பொருளன்று. ஆயினும் அதில் ஊரையும் பாதையையும் கண்டவுடன் நாம் மடித்து வைத்துவிடுகிறோம். உற்று நோக்கின், அஃது ஒரு வரலாற்று நூலேயாகும். தென் டெக்ஸாஸ் நாட்டின் பழைய நிலப்படங்களைச் சான்றாகக் கொள்வோம்.

1879-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்க நிலவியல் அளவைத் துறை வெளியிட்ட படங்களில் மேடுபள்ளம் பழுப்புக் கோடுகளாலும், மரமும் புதரும் பச்சையாலும், நீர் நீலத்தாலும் காட்டப்பெறும். வற்றாத ஆற்றுக்கு முழுக்கோடு. மழைக்குப்பின் மட்டும் ஓடும் ஓடைக்கு விட்டுவிட்டு இட்ட கோடு. நியூஸஸ், ரியோ கிராண்டே என்னும் ஈராறுகளுக்கு இடைப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் இவ்விடைவிட்ட கோடுகளே மிகுதி. காற்றாலைகளும், கால்நடைகள் நீர் அருந்தும் குட்டைகளும் ஆங்காங்கே குறிக்கப்பெற்றுள்ளன. அக்குட்டைகளுக்கு அங்கே 'டாங்க்' என்று பெயர். நம் ஏரிகளை ஆங்கிலேயர் அழைத்த அதே சொல்!

அந்தப் பச்சை நிறத்திற்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நிலத்தின் பெரும்பகுதி புல்வெளியாயிருந்தது. மந்தைகள் புல்லை அளவுக்கு மீறி மேய்ந்தன. மெஸ்கீட் மரத்தின் நெற்றுகளைத் தின்று விதைகளைச் சாணத்தோடு பரப்பின. புல் குறையவே, இளஞ்செடிகளை எரித்துவந்த காட்டுத்தீயும் அடங்கிற்று, முட்புதர் மூடிற்று. நம் சீமைக் கருவேலத்தின் இனமே அம்மரம் என்றால், நேயர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை.

இனி ஓடைகளின் பெயர்களைப் பாருங்கள். ஆகுவா துல்சே என்றால் இனிய நீர். லாஸ் ஓல்மோஸ் என்றால் எல்ம் மரங்கள். யாவும் ஸ்பானியச் சொற்கள். ஸ்பெயின் அரசிடமும் பின்னர் மெக்ஸிகோவிடமும் நிலமானியம் பெற்றுக் குடியேறியோர் விட்டுச்சென்றவை அவை. 1836-இல் மெக்ஸிகோவினின்று பிரிந்த டெக்ஸாஸ், ரியோ கிராண்டேயே தன் எல்லை என்றது. மெக்ஸிகோ, நியூஸஸ் என்றது. டெக்ஸாஸ் அமெரிக்காவுடன் இணைந்தபின், 1846-இல் போர் மூண்டது. 1848-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் எல்லையை ரியோ கிராண்டேக்கு நகர்த்திற்று. மெக்ஸிகரின் சொத்துரிமைக்கும் உறுதி கூறிற்று. எனினும் வழக்குச் செலவாலும், மலிவு விற்பனையாலும், மிரட்டலாலும் பலர் நிலத்தை இழந்தனர். 1853-இல் ரிச்சர்ட் கிங் சாந்தா கெர்த்ரூடிஸ் ஓடையருகே 15,500 ஏக்கர் வாங்கித் தொடங்கிய பண்ணை, பிற்காலத்தில் 8 இலட்சம் ஏக்கரைக் கடந்தது. 1904-இல் இருப்புப்பாதையும் வந்தது. கிங்ஸ்வில் நகரம் எழுந்தது.

நிலம் கைமாறிற்று, ஓடையின் பெயர் மாறவில்லை. இதனை மொழியின் வெற்றி என்று மட்டும் மகிழ்தல் தகாது. பெயர் நிலைத்ததனால் உரிமை மீளவில்லை. நீரற்ற ஓடைக்கும் கோடு உண்டு. நிலமிழந்தோர்க்கோ படத்தில் குறியொன்றும் இல்லை. அதனைப் பெயரிலிருந்து நாமே படித்தறிதல் வேண்டும்.

பிறமொழி பேசும் ஊரில் பிழைக்க வந்த நாமும், இவ்வூர் ஓடைக்கும் தெருவுக்கும் இங்குள்ளோர் இட்ட பெயரின் பொருளை அவர்களிடமே கேட்டறிவோமாக. வந்த இடத்திற்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவே.