செர்ரித் தோட்டத்தை வெட்டியது யார்?

அன்டன் செகாவ் என்றால் நம்மில் பலருக்குச் சிறுகதைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உலகம் முழுக்க இன்றைக்கும் மேடையேறிக் கொண்டிருப்பவை அவருடைய நாடகங்கள். அவற்றில் கடைசியாக அவர் எழுதியது ‘செர்ரித் தோட்டம்’. இந்த ஒரு நாடகத்தை வைத்துக் கொண்டு விமர்சகர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போட்டு வருகிறார்கள். எனக்கு நாடகத்தைப் போலவே அந்தச் சண்டையும் பிடித்திருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரனேவ்ஸ்கயா ஒரு பண்ணையார் குடும்பத்துப் பெண்மணி. பாரிஸில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். கையில் காசு இல்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆகஸ்ட் 22ஆம் தேதி பண்ணையும் செர்ரித் தோட்டமும் ஏலத்துக்கு வரப் போகின்றன. லோபாகின் என்ற வியாபாரி ஒரு வழி சொல்கிறான்: மரங்களை வெட்டி, நிலத்தை மனை மனையாகப் பிரித்து, கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். அம்மையாரும் அவருடைய அண்ணனும் காதிலேயே போட்டுக் கொள்வதில்லை. கடைசியில் ஏலத்தில் கடன் தொகைக்கு மேல் 90,000 ரூபிள் கேட்டுத் தோட்டத்தை எடுப்பவன் அதே லோபாகின்தான்! அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். சமையல்கட்டுக்குள்கூட அவர்களை விட்டதில்லை.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்டது. நாடகம் மேடையேறியது 1904 ஜனவரி 17 (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி), மாஸ்கோ கலை அரங்கில். இடையில் 43 வருஷம்தான். அடிமையாகப் பிறந்தவர்கள், அவர்களை வைத்திருந்தவர்கள் இருவருமே அப்போது உயிரோடு இருந்தார்கள். இதை மனதில் வைத்துக் கொண்டால் சண்டை ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்பது புரியும்.

முதல் சண்டை வெளியாட்களோடு இல்லை, இயக்குநரோடுதான். செகாவ் தன் நாடகத்தை நகைச்சுவை என்றே சொன்னார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ படித்துவிட்டு அழுதேன், இது சோக நாடகம்தான் என்று எழுதினார். அந்தக் கண்ணீரோடேதான் மேடையேற்றவும் செய்தார். கடைசி அங்கம் 12 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, இவர் 40 நிமிஷம் இழுக்கிறார் என்று செகாவ் நொந்து போனார். லோபாகின் வேஷத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே போட வேண்டும் என்பதும் செகாவின் ஆசை. லோபாகின் ரௌடி இல்லை, கண்ணியமான மனிதன் என்று அவர் வலியுறுத்தினார். ஆனால் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி எடுத்துக் கொண்டது அம்மையாரின் அண்ணன் வேஷத்தை. அவர் வசதியான ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. பணக்கார வியாபாரி வேஷத்தை விட்டுவிட்டு, வீழ்ந்து போகும் பிரபு வேஷத்தை எடுத்துக் கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து சக எழுத்தாளர்கள். புனின், நொடித்துப் போன நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். ரஷ்யாவில் முழுக்க முழுக்க செர்ரி மரங்களாலான தோட்டமே கிடையாது, பண்ணை வீட்டு வாழ்க்கை செகாவுக்குத் தெரியாது என்று கிண்டல் செய்தார். வறுமையில் அடிபட்டு வளர்ந்த மாக்சிம் கார்க்கிக்கோ அந்தக் குடும்பத்தின் மேல் துளி இரக்கமும் வரவில்லை. சுயநலம் பிடித்த, அடுத்தவர் உழைப்பில் வாழ்கிற ஆட்கள் என்று எழுதினார். ஒருவருக்குத் தோட்டம் சரியில்லை, இன்னொருவருக்குத் தோட்டக்காரர்கள் சரியில்லை!

அரசாங்கத்துக்கும் ஒரு கருத்து இருந்தது. மாணவன் த்ரோஃபிமோவ் பேசும் இரண்டு இடங்களைத் தணிக்கை அதிகாரி வெட்டினார். ஒன்று, தொழிலாளர்கள் ஒரே அறையில் முப்பது நாற்பது பேராக அடைந்து கிடப்பது பற்றியது. இன்னொன்று, மனித உயிர்களைச் சொத்தாக வைத்திருந்தது பற்றியது. எந்த வரிகள் உறுத்தின என்று பாருங்கள். அதே 1904 ஜூலையில் செகாவ் காசநோயில் இறந்து போனார். அப்போது வயது 44.

1917 புரட்சிக்குப் பிறகு காற்று திசை மாறியது. புது வாழ்வு வரப் போகிறது என்று பேசும் அந்த மாணவனையே சோவியத் விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடினார்கள். லண்டனில் 1911இல் முதன்முதலாகப் போட்டபோது பார்வையாளர்கள் பலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். 1925இல் அதே ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் ஊர்ப் பிரபுக்களின் வீடுகளும் விலைக்கு வர ஆரம்பித்திருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஜப்பானில் போருக்குப் பின் நிலச் சீர்திருத்தம் வந்தது. நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையான தசாய் ஒசாமு, இந்த நாடகத்தை நினைத்தபடி 1947இல் ஒரு நாவலே எழுதினார். 1975இல் மாஸ்கோவின் தகான்கா அரங்கில் விளாதிமிர் விசோத்ஸ்கி லோபாகினாக நடித்தார். அவர் மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகர். அதன் பிறகு தோட்டத்தை வாங்கியவனுக்காகவும் மக்கள் கண் கலங்கினார்கள்.

ஆக, விற்றவருக்காக அழுதாயிற்று. வாங்கியவனுக்காக அழுதாயிற்று. புது உலகம் பேசிய மாணவனைக் கொண்டாடியாயிற்று. பூட்டிய வீட்டுக்குள் மறந்து விட்டுவிட்டுப் போன 87 வயது வேலைக்காரர் ஃபீர்ஸைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டார்கள்.

நாடகம் முடியும்போது மேடைக்கு வெளியே மரத்தில் கோடாரி விழும் சத்தம் கேட்கிறது. அந்தக் கோடாரியைப் பிடித்திருந்த கை யாருடையது? நான் படித்த விமர்சனங்களில் கோடாரிச் சத்தத்துக்குப் பல அர்த்தங்கள் இருந்தன. காலத்தின் சத்தம், முதலாளித்துவத்தின் சத்தம், மரணத்தின் சத்தம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கூலிக்கு வெட்ட வந்த ஓர் ஆள் அங்கே நின்றிருப்பான் என்று ஒருவரும் எழுதவில்லை.

இது எனக்கு உறுத்தக் காரணம், எங்கள் ஊர் ஜவ்வாது மலை. இங்கே சாமையும் புளியும் பலாவும் தேனும் உண்டு. ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. 1882இல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டுக்குச் சொந்தக்காரர் சர்க்கார். மலையில் வெட்டிய சந்தனக் கட்டைகள் திருப்பத்தூர்க் கிடங்கில் ஏலத்துக்குப் போயின. ஏலம் எடுத்தவர்கள் யாரும் மலைவாசிகள் இல்லை. ரனேவ்ஸ்கயா, லோபாகின் இரண்டு பேருமே எங்கள் கதையில் வெளியூர்க்காரர்கள்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களே அதிகம். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். மரத்தை விற்றுக் கோடி பார்த்தவர்கள் யாரும் அன்றைக்கு அந்தக் காட்டில் சாகவில்லை.

செகாவ் இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அந்தச் சத்தத்தையாவது கேட்க வைத்தார். ஆனால் விமர்சனம் என்பது அவரவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து எழுதப்படுவது. பண்ணை வீட்டுப் பிள்ளை தோட்டத்தைப் பார்த்தார், ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை பிரபுவைப் பார்த்தார், கட்சிக்காரர் மாணவனைப் பார்த்தார். மலையில் பிறந்தவனுக்குக் கோடாரிதான் கண்ணில் படுகிறது.

நாடகத்தை இதுவரை படிக்காதவர்கள் கிடைத்தால் படியுங்கள். நாலே அங்கம், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். முடித்ததும் உங்களுக்கு யார் மேல் இரக்கம் வந்தது என்று சொல்லுங்கள். நீங்கள் எந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.