அணுச்சத்தி நிலையங்களும் தொழிலாளர் காப்பும்

வாழைச்சேனையில் அரசினரின் முதலீட்டால் எழுந்த காகித ஆலை 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. முதலாளி அரசே ஆயினும், ஆங்குக் கொதிகலன்முன் நின்று உழைத்தவர்க்கு அரசின் நல்லெண்ணம் ஒன்றே காவலாக விடப்படவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முன்னரே நடைமுறையில் இருந்தது. அதனை நிறைவேற்றும் பொறுப்புத் தொழிற்றிணைக்களத்தினது. ஆலையை நடத்தியோர் கைத்தொழில் அமைச்சைச் சார்ந்தோர். வேலை வாங்கும் கை வேறு, வேலைத்தலத்தைச் சோதிக்கும் கை வேறு. சோதனை எத்துணைச் செவ்வனே நடந்தது என்பது பிறிதொரு வினா. ஆயின், தொழிற்சாலைச் சட்டங்களின் உயிர்நாடி இப்பிரிவே என்பதில் ஐயமில்லை. படைக்கல ஆக்கத்தோடு தொடர்புடைய அணு ஆய்வுகூடங்களில் இப்பிரிவு யாதாயிற்று என்பதற்கு, கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் கல்பாக்கம் தக்க சான்றாகும்.

இந்திய அணுச்சத்தி ஆணைக்குழு 1948இலும், அதற்குரிய திணைக்களம் 1954இலும் தோன்றின. இரண்டிற்கும் தலைவர் ஹோமி பாபா ஒருவரே; திணைக்களத்தின் செயலாளரே ஆணைக்குழுவின் தலைவர் என்னும் வழக்கமும் அவரோடு தோன்றி நிலைத்தது. 1962ஆம் ஆண்டின் அணுச்சத்திச் சட்டம் இவ்வமைப்புக்கு மதில் எழுப்பிற்று. தொழிற்சாலைச் சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரம் பிற தொழில்களில் மாநில அரசுகளிடம் இருக்க, அணு நிலையங்களில் மாத்திரம் அது மத்திய அரசுக்குரியதாயிற்று. எனவே, சென்னையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவிலே கல்பாக்கம் அமைந்தபோதும், மாநிலத்துத் தொழிற்சாலைப் பரிசோதகர் அதன் வேலியைக் கடக்க உரிமையற்றவரானார். தகவல்களை வெளியிடாது மறைத்தற்கும் அச்சட்டம் இடமளித்தது.

1983 நவம்பரில் அணுச்சத்தி ஒழுங்குமுறைச் சபை நிறுவப்பட்டது. நல்ல தொடக்கமே, ஆயினும், அச்சபை பதில் சொல்லவேண்டிய இடமும் அணுச்சத்தி ஆணைக்குழுவே. மேற்பார்க்கப்படுவோரின் தலைவரிடமே மேற்பார்ப்போர் அறிக்கை சமர்ப்பித்தனர். 1993 முதல் 1996 வரை சபைக்குத் தலைவராயிருந்த அ. கோபாலகிருஷ்ணன், திணைக்களத்தின் நிலையங்களில் 130க்கு மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து 1995இல் ஓர் அறிக்கை தயாரிப்பித்தார். அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு விடப்படவில்லை. பதவி நீங்கியபின் அவர் இம்முறையைக் கண்டித்து எழுதியும் பேசியும் வந்தார்.

1998 மே மாதத்துப் பொக்ரான் சோதனைகளுக்குப் பின்னர் நிகழ்ந்ததே ஈண்டு முதன்மையானது. பாபா அணு ஆராய்ச்சி நிலையமே இந்தியாவின் அணுப்படைக்கல ஆய்வுகூடம். 2000ஆம் ஆண்டில் ஓர் அரசாணை அந்நிலையத்தையும் அதன் கிளைகளையும் ஒழுங்குமுறைச் சபையின் மேற்பார்வையிலிருந்து விலக்கியது. அன்றுதொட்டு அந்நிலையம் அமைத்த குழுவே அந்நிலையத்தைச் சோதித்தது. கல்பாக்கத்து மின்னிலையம் சபையின் கண்காணிப்பில் இருக்க, அதே வளாகத்திலுள்ள எரிபொருள் மீள்பதனிடும் ஆலை பாபா நிலையத்துக்குரியதாதலின் அக்கண்காணிப்பினின்றும் நீங்கிற்று.

2003 ஜனவரி 21ஆம் நாள் அம்மீள்பதன ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில், கதிரியக்கம் குறைந்த கழிவின் மாதிரியை எடுக்கும் பணியில் தொழிலாளர் ஈடுபட்டனர். ஒரு வால்வு பழுதுற்றுக் கதிரியக்கம் மிக்க கழிவு அத்தொட்டியினுட் புகுந்திருந்தது. அதனை அவர்கள் அறியார். அறிவிக்கத்தக்க கதிர்வீச்சுமானி அவ்விடத்தில் இல்லை. மாதிரியைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுசென்று ஆராய்ந்த பின்னரே உண்மை தெரிந்தது. அதற்குள் அறுவர் ஆண்டொன்றுக்கு விதிக்கப்பட்ட 30 மில்லிசீவெட் எல்லையைப் பன்மடங்கு விஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தனர்.

ஊழியர் சங்கம் முழுநேரப் பாதுகாப்பு அலுவலரை நியமித்தல் உள்ளிட்ட பத்துக் கோரிக்கைகளை எழுத்தில் வைத்தது. முந்திய இரண்டாண்டுகளில் இத்தகைய நிகழ்ச்சிகள் இரண்டு நேர்ந்தமையையும் சுட்டிற்று. தக்க மறுமொழி கிடையாமையால் வேலைநிறுத்தம் எழுந்தது. சிலர் இடம் மாற்றப்பட்டனர். செய்தி பத்திரிகைகளுக்கு எட்டியபோது மாதங்கள் பல கடந்துவிட்டன. இந்திய அணுத்துறை வரலாற்றிலேயே மிக மோசமான கதிர்வீச்சு விபத்து அஃது என்பதைப் பின்னர் பாபா நிலையத்தின் பணிப்பாளரே ஒப்புக்கொண்டார்.

இரகசியம் காத்தற்குத் திணைக்களத்தார் கூறும் நியாயம் முற்றும் வெறுமையானதன்று. கழிவின் அளவையும் தன்மையையும் கொண்டு, பிரித்தெடுக்கப்பட்ட புளூட்டோனியத்தின் அளவைப் பகைவர் கணிக்கக்கூடும். எனினும், பழுதுற்ற வால்வும் இல்லாத மானியும் எந்நாட்டுக்குப் படை இரகசியமாகும்? இரகசியம் காக்க உறுதிபூண்ட பரிசோதகரை வெளியிலிருந்து அமர்த்தல் இயலாததொன்றன்று. ஐக்கிய அமெரிக்கா அதனைக் காலந்தாழ்த்தியே கற்றது. அங்கு லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஹரி டாக்லியன் 1945இலும், லூயிஸ் சுலோட்டின் 1946இலும் ஒரே புளூட்டோனியக் கருவைக் கையாண்டபோது கதிர்வீச்சுக்கு இலக்காகி மாண்டனர். 1975இல் மின்னுலைகளுக்குத் தனி ஒழுங்குமுறை ஆணைக்குழு பிறந்தபோதும் படைக்கல ஆய்வுகூடங்கள் அதற்கு உட்படவில்லை. 1988இலேயே அவற்றைப் பார்வையிடத் தனிச்சபை ஒன்றைக் காங்கிரசு அமைத்தது. அதற்கும் ஆலோசனை கூறும் அதிகாரமே உண்டு. நோயுற்ற தொழிலாளர்க்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 2000இல் வந்தது.

அணுவுலையோ அணுப்படைக்கலமோ இல்லாத இலங்கையிலே, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒன்றாயிருந்த வளர்ச்சிப் பணியும் கட்டுப்பாட்டுப் பணியும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் இரு நிறுவனங்களிடம் பிரித்து ஒப்படைக்கப்பட்டன. எக்ஸ்கதிர்க் கூடத்து ஊழியரே ஈண்டு அதனாற் பெரிதும் பயன்பெறுவோர்.

இந்தியாவிலோ, 2012இல் தலைமைக் கணக்காய்வாளர் ஒழுங்குமுறைச் சபையின் சுதந்திரமின்மையை வெளிப்படையாகக் குறைகூறினார். அதற்கு முந்திய ஆண்டில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட புதிய அதிகாரசபை மசோதா, நிறைவேறாமலே 2014இல் காலாவதியாயிற்று. தேசப்பாதுகாப்பின் பொருட்டு எந்நிலையத்தையும் அவ்வதிகாரசபையின் வரம்பினின்று அரசு விலக்கலாம் என்னும் பிரிவொன்று அம்மசோதாவிலும் இருந்தது. நிறைவேறியிருப்பினும் கல்பாக்கத்து மீள்பதன ஆலையின் வாயில் வெளிப் பரிசோதகர்க்குத் திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.