அழுகலில் விளைந்த இனிமை

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிகளிலே வேளாண்மை செய்வோர் நன்கறிந்த உண்மையொன்றுண்டு. முற்றிய கதிர் வயலிலே காத்திருத்தல் ஆகாது. அறுவடை வேளையில் மழை பிடித்துக்கொண்டால் கதிர் சாயும், நெல் முளைகொள்ளும், ஒரு போகத்தின் உழைப்பு வீணாகும். காலந் தாழ்த்தி, அழுகிய பின் பறித்த விளைச்சலே அரசர்களின் மேசைக்குச் சென்றது என்று கூறின், அவர்கள் அதனை எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் ஹங்கேரி நாட்டின் வடகிழக்கிலுள்ள தோக்காய் என்னும் மலைப்புறத்தில் நிகழ்ந்தது அதுவே. மது இக்கரையோர முஸ்லிம் மக்களுக்கு விலக்கப்பட்ட பொருள். அதன் வரலாறோ, போரையும் உழவையும் பற்றிய வரலாறாதலின், யாவரும் அறியத்தக்கது.

1526 ஆம் ஆண்டு மொகாச்சுப் போரிலே துருக்கிய சுல்தான் சுலைமான் ஹங்கேரியரை வென்றார். 1541 இல் பூடா நகரும் துருக்கியர் வசமாயிற்று. நாடு மூன்று கூறாகப் பிரிந்தது. தோக்காய்ப் பகுதி எல்லைப்புறமாகவே, படையெடுப்பைப் பற்றிய அச்சம் அங்கு நீங்காதிருந்தது. 1630 ஆம் ஆண்டளவில், சுசானா லொராந்பி என்னும் பிரபுகுலப் பெண்மணியின் தோட்டத்தில், செப்சி லாச்கோ மாத்தே என்னும் போதகர் அவ்வச்சத்தினால் முந்திரிகை அறுவடையைப் பிற்போட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. அச்சம் தணிந்து திரும்பியபோது பழங்கள் பூஞ்சணம் பூத்துச் சுருங்கியிருந்தன. எறிய மனமின்றிப் பிழிந்தனர். தேனையொத்த மது கிடைத்தது.

கதை சுவையானதே. ஆனால் 1571 ஆம் ஆண்டின் குடும்பச் சொத்துப் பத்திரமொன்றிலேயே அம்மதுவின் பெயராகிய ‘ஆசூ’ காணப்படுகின்றது. எனவே போதகர் பிறக்குமுன்னரே, பெயரறியாத உழவர் இம்முறையைக் கண்டிருந்தனர் என்பது தெளிவு. ஜேர்மனியின் யொகானிஸ்பேர்க்கிலும் இத்தகைய கதையொன்றுண்டு. 1775 இல் அறுவடைக்கு அனுமதி கொணரவேண்டிய தூதன் பிந்தியமையால் பழங்கள் அழுகின என்பர்.

இவ்வழுகலின் காரணம் பொற்றிரிற்றிஸ் சினெரியா என்னும் பங்கசு ஆகும். பொட்ரொக், தீசா ஆகிய ஆறுகளிலிருந்து எழும் இலையுதிர்காலத்து மூடுபனி காலையிலே பழங்களை நனைக்கும். பங்கசு தோலைத் துளைக்கும். நண்பகல் வெயில் அத்துளைகளின் வழியே நீரை வற்றச்செய்யும். சீனியும் புளிப்பும் செறிந்து எஞ்சும். வெயிலின்றி மழையே தொடர்ந்தால், அதே பங்கசு தோட்டம் முழுவதையும் கெடுத்துவிடும். பயனும் பாழும் ஒரே உயிரின் செயலே. இரண்டையும் பிரிப்பது வானிலை.

உழைப்பும் சிறிதன்று. குலையோடு வெட்டாது, வற்றிய பழங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்து, பல முறை தோட்டஞ் சுற்றிப் பறித்தல் வேண்டும். ‘புட்டோனி’ என்னும் முதுகுக் கூடையொன்று ஏறத்தாழ 25 கிலோ கொள்ளும். 136 லீற்றர்ப் பீப்பாய்க்கு எத்தனை கூடை பழம் சேர்த்தனர் என்பதே இனிமையின் அளவாயிற்று. செறிந்த சீனியிலே மதுவங்கள் தளர்ந்துவிடுதலால், நொதித்தல் முற்றுப்பெறாது நிற்கும், இனிமை தங்கிவிடும்.

1737 இல் அரச கட்டளையொன்று தோக்காயின் எல்லையை வரையறுத்தது. விளைபொருளுக்கு ஊரெல்லை வகுத்த மிகப் பழைய சட்டங்களுள் அது ஒன்று. 2002 இல் யுனெஸ்கோ அம்மலைப்புறத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

போதகரின் பெயரும் பெருமாட்டியின் பெயரும் கதையில் நிலைத்தன. கெட்டதென்று பிறர் எறியக்கூடிய பழத்தைக் கையிலெடுத்து, நல்லழுகல் இது, தீயழுகல் இது என்று முதன்முதற் பிரித்தறிந்த உழவனின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பழைய பத்திரமொன்றைத் தேடி வாசிப்பதனால் விளையும் பயன் இதுவே: புகழ் உரியவரிடம், பெயரில்லாமலேனும், மீண்டு சேர்கின்றது.